தாடி ஓணான் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் ஒரு வெயிலைக் கட்டுங்கள்

கல்லின் மேல் வெயில் காயும் ஓணானைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றைக் கல்லோடு ஒட்டவைத்து, உடம்பைத் தட்டையாக விரித்து, கண்ணைப் பாதி மூடிக் கிடக்கும். சும்மா கிடப்பதுபோல் தோன்றினாலும் அது அப்போது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. தின்ற பூச்சியைச் செரிக்க உடம்பில் சூடு ஏற வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்கும் அடுப்பு அதன் உடம்புக்குள் இல்லை. வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பியர்டட் டிராகன் என்ற பெயரில் வீடுகளில் வளரும் தாடி ஓணானும் அதே ஓணான் குடும்பம்தான். ஏழு வருடமாக ஒன்றை வளர்த்துவருகிறேன். புதிதாக வளர்ப்பவர்கள் வந்து கேட்கும் சந்தேகங்களில் பெரும்பாலானவை கடைசியில் விளக்கில் போய்த்தான் நிற்கின்றன. சாப்பிடவில்லை, மலம் கழிக்கவில்லை, கால் நடுங்குகிறது, எந்நேரமும் தூங்குகிறது என்பார்கள். "வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி? புற ஊதா விளக்கு வாங்கி எத்தனை மாதம்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் விலங்கைவிட விளக்குக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். விளக்கு சரியாக இருந்தால் மற்றவற்றில் முக்கால்வாசி தானாகச் சரியாகும்.

இது எங்கிருந்து வந்த உயிர்?

வீடுகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்ற இனம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட புதர்க்காடும் பாலை விளிம்பும்தான் அதன் சொந்த இடம். 'போகோன்' என்றால் கிரேக்கத்தில் தாடி. பயந்தாலோ கோபம் வந்தாலோ தொண்டைத் தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். அந்த முள் தாடிதான் பெயருக்குக் காரணம். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதை 1960-களிலேயே நிறுத்திவிட்டது. ஆகவே இன்று மற்ற நாடுகளில் விற்பனைக்கு இருப்பவை பல தலைமுறைகளாக மனிதர் கையில் பிறந்து வளர்ந்தவை. மனிதரிடம் இவ்வளவு சாந்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வளர்ந்த ஓணான் வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடம் வாழும். சில அதைத் தாண்டியும் வாழும். உள்ளங்கையில் அடங்கும் குட்டியைப் பார்த்து மயங்கும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டம் இதை வளர்க்க அனுமதிக்கிறதா, பதிவோ உரிமமோ தேவையா என்று அரசுத் துறையிடமே கேட்பது. விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடி வைப்பது. நாய்க்கும் பூனைக்கும் அருமையாக வைத்தியம் பார்ப்பவருக்கு ஓணான் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆபத்து வந்த நாளில் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

மூன்றாவதுதான் தொட்டி. அதை வாங்கி, விளக்குகளைப் பொருத்தி, ஒரு வாரமாவது வெறுமனே ஓடவிட்டு அளந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஓணான். ஓணானையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்கி வந்தால், நீங்கள் வெப்பத்தைச் சரிசெய்து பழகும் காலம் முழுவதும் அது அவதிப்படும்.

தொட்டி

வளர்ந்த ஓணானுக்கு 120 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 60 உயரம் என்பது குறைந்தபட்ச அளவு. இதைவிடப் பெரிதாக வைக்க முடிந்தால் வையுங்கள். சிறியதில் தொடங்கி அப்புறம் மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குட்டி ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட முழு அளவுக்கு வளர்ந்துவிடும், அதனால் இரண்டு முறை செலவு ஆகும். மிகச் சிறிய குட்டி பெரிய தொட்டியில் இரையைத் தேடித் திணறினால், இரையைக் கிண்ணத்திலோ இடுக்கியாலோ கொடுத்தால் போதும்.

நீளத்தை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. தொட்டியின் ஒரு முனை கொதிக்க வேண்டும், மறு முனை குளுமையாக இருக்க வேண்டும். ஓணான் நாள் முழுக்க இரண்டுக்கும் இடையே நடந்து தன் உடல் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். குட்டையான தொட்டியில் இரண்டு முனையும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். சூடு தாங்காமல் ஒதுங்க அதற்கு இடமே இருக்காது.

சூடு

வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு, வளர்ந்த ஓணானுக்கு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். குட்டிக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக இருக்கலாம். குளுமையான முனை 24 முதல் 28 டிகிரி. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். 18 டிகிரி வரை இறங்கினாலும் ஆரோக்கியமான ஓணானுக்குப் பிரச்சினை இல்லை. பாலைவனத்து இரவும் குளிரத்தான் செய்யும். அதற்கும் கீழே போகும் வீடாக இருந்தால், வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரை, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து வையுங்கள்.

சூட்டுக்கு ஹாலஜன் ஃப்ளட் விளக்கு நல்லது. வெளிச்சமும் வெப்பமும் ஒன்றாக, மேலிருந்து கீழே வர வேண்டும். ஓணானுக்கு வெயில் என்றால் அதுதான். சூடேறும் கல் என்று விற்கப்படும் ஹீட் ராக்கை வாங்கவே வாங்காதீர்கள். ஓணான் தன் வயிற்றுப் பக்கம் சுடுவதைச் சரியாக உணர்ந்து விலகிக்கொள்ளாது, தோல் வெந்துபோகும். இரவுக்கென்று விற்கப்படும் சிவப்பு, நீல விளக்குகளும் வேண்டாம். அவற்றின் வெளிச்சம் அதற்குத் தெரியும்; தூக்கம் கெடும்.

அளக்கும் கருவியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிதான் என்னிடம் இருந்தது. தொட்டியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது அது. முள் 35-இல் நின்றது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஓணான் மட்டும் கல்லின் மேல் ஏறுவதும் உடனே இறங்கி ஓடுவதுமாக இருந்தது. நண்பர் ஒருவர் அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியைக் கொண்டுவந்து கல்லின் மேல் காட்டினார். 54 டிகிரி. நான் அளந்துகொண்டிருந்தது கண்ணாடிச் சுவரை. ஓணான் நின்றதோ கல்லின் மேல். அன்றைக்கே விளக்கை உயர்த்தி, மங்கலாக்கும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினேன். அதே மாலையில் அது ஒரு மணி நேரம் அசையாமல் வெயில் காய்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இரண்டு கருவிகள் கட்டாயம். மேற்பரப்பை அளக்க அகச்சிவப்புத் துப்பாக்கி. காற்றின் சூட்டை அளக்க, கம்பியோடு வரும் டிஜிட்டல் வெப்பமானி, இரு முனைக்கும் ஒவ்வொன்று. விளக்குக்கும் ஓணானின் முதுகுக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். விளக்கு தொட்டிக்குள்ளேயே இருந்தால் அதைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள். இது ஏறித் தாவும் விலங்கு.

வெப்பம் இந்த இனத்துக்கு எவ்வளவு ஆழமான விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். முட்டை அடைகாக்கும் சூடு சுமார் 32 டிகிரியைத் தாண்டும்போது, மரபணுப்படி ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகள் பெண்ணாக மாறிப் பிறக்கக்கூடும். இது ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல் ஆஸ்திரேலியக் காட்டிலும் நடக்கிறது என்று 2015-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

யுவிபி: கண்ணுக்குத் தெரியாத பாதி வெயில்

அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான், அதிகம் உயிரைக் குடிப்பதும் இதுதான்.

வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் குடல் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, உள்ளே எடுக்கும். யுவிபி இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் ஊட்டினாலும் போதிய அளவு உடம்பில் சேராது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கும். தாடை ரப்பர்போல மென்மையாகும், கால்கள் வீங்கும், விரல்கள் துடிக்கும், முதுகெலும்பு வளையும். வளர்சிதை எலும்பு நோய் என்பது இதுதான். ஆரம்பத்தில் பிடித்தால் மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம். வளைந்துபோன எலும்பு பழையபடி நேராகாது.

வாங்க வேண்டியது டி5 எச்ஓ (T5 HO) எனப்படும், மெலிந்த, அதிகத் திறனுள்ள நீளக் குழல் விளக்கு. பாலைவன ஊர்வனவற்றுக்கு என்று, 10 முதல் 14 சதவீதம் யுவிபி தருவதாகக் குறிக்கப்பட்டிருக்கும். சுருள் வடிவில் வரும் சின்ன யுவிபி பல்புகள் ஒரு சிறு வட்டத்துக்கு மேல் கதிரைப் பரப்புவதில்லை, இத்தனை பெரிய விலங்குக்கு அவை போதாது. குழல் தொட்டியின் பாதி நீளத்துக்கோ அதற்குச் சற்று அதிகமாகவோ இருக்கட்டும். அதைச் சூட்டு விளக்கின் பக்கத்திலேயே பொருத்துங்கள். சூட்டைத் தேடி வரும்போது யுவிபியும் சேர்ந்தே கிடைக்க வேண்டும், நிழலுக்குப் போனால் இரண்டிலிருந்தும் விலக முடிய வேண்டும்.

தூரம் முக்கியம். விளக்கு தயாரித்தவர் தரும் தூர அட்டவணையைப் பின்பற்றுங்கள். நடுவில் கம்பி வலை இருந்தால், வலையின் நெருக்கத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கதிர் அங்கேயே தடைபடும்; அதற்கேற்ப விளக்கு நெருங்க வேண்டும். கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஜன்னலோரம் தொட்டியை வைத்தால் வெயில் கிடைத்துவிடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. யுவிபி வராது. சூடு மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டு கூடும், ஒரு பகல் பொழுதிலேயே ஓணான் வெந்து இறந்துபோகலாம். புற ஊதாக் கதிரை அளக்கும் சோலார்மீட்டர் 6.5 கருவியை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால், வெயில் காயும் இடத்தில் முதுகு இருக்கும் உயரத்தில் புற ஊதாக் குறியீடு 3-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு எரிவதை வைத்து யுவிபி வருகிறது என்று நினைக்கக் கூடாது. வெளிச்சம் அப்படியே இருக்கும். உள்ளே யுவிபி மெல்லக் குறைந்துகொண்டே போகும். டி5 குழலை 12 மாதத்துக்கு ஒரு முறையும், பழைய டி8 வகையை 6 மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். பொருத்திய தேதியைக் குழலின் முனையிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் விளக்கு எரியட்டும். டைமர் போட்டுவிட்டால் நாம் மறந்தாலும் அதற்குப் பொழுது தவறாது.

தரையும் உள் அலங்காரமும்

குட்டிக்கும், புதிதாக வந்த எந்த ஓணானுக்கும், முதல் சில மாதங்கள் செய்தித்தாளோ காகிதத் துண்டோ போதும். மலம் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். தினமும் மாற்றவும் எளிது. பிறகு சற்றுச் சொரசொரப்பான தரை டைல்ஸ் போடலாம். நகமும் தேயும். கால்சியம் மணல் என்று விற்கப்படுவதைத் தவிர்த்துவிடுங்கள். நாக்கால் எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கும் விலங்கு இது. அந்தத் துகள்கள் வயிற்றில் கட்டியாகி மலத்தை அடைக்கக்கூடும். மண்ணும் மணலும் கலந்த இயற்கைத் தரை வளர்ந்த ஓணானுக்கு மோசமல்ல என்றாலும், சூடும் உணவும் உங்களுக்குக் கைவந்த பிறகு யோசிக்கலாம்.

ஓணானின் உடம்பு அளவு பருமனான ஒரு கிளை, விளக்கின் கீழே ஒரு தட்டைக் கல், குளுமையான முனையில் நுழைந்து ஒளிய ஒரு பொந்து. இவ்வளவு போதும். ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம் சுற்றி இருந்தால் நல்லது. தொடர்ந்து அதிகமாக இருந்தால் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

ஒரு தொட்டியில் ஒன்று மட்டும். துணை வேண்டுமே என்று இரக்கப்பட்டு இரண்டை வைப்பவர்கள் அதிகம். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். மேலே இருப்பது கீழே இருப்பதன் வெயிலைப் பறித்துக்கொண்டிருக்கிறது. குட்டிகள் ஒன்றின் விரலையும் வால் நுனியையும் மற்றொன்று கடித்துத் தின்றுவிடும். வீட்டுப் பல்லிக்குப்போல் இதற்கு வால் திரும்ப முளைக்காது.

எந்தக் குட்டியை எடுப்பது?

குறைந்தது 6 வாரம், முடிந்தால் 8 வாரம் நிறைந்த குட்டியாகப் பாருங்கள். கண் திறந்து, தலை நிமிர்ந்து, உங்களைக் கவனிக்க வேண்டும். நான்கு காலாலும் உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நடக்க வேண்டும். விரல்களையும் வால் நுனியையும் எண்ணிப் பாருங்கள். இடுப்பெலும்பு துருத்தியிருக்கக் கூடாது. ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் கண்ணெதிரே அது ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்பதைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். எந்த மூலையில் எது பரிதாபமாகக் கிடக்கிறதோ அதைக் காப்பாற்ற மனம் துடிக்கும். முதல் முறை வளர்ப்பவர் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. நோயோடு வரும் குட்டியைத் தேற்ற அனுபவம் வேண்டும்.

முதல் இரண்டு வாரம்

வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் விட்டுவிட்டு விலகிவிடுங்கள். உணவு வைக்க, மலத்தை அள்ள, சுத்தம் செய்ய மட்டும் கை உள்ளே போகட்டும். புது இடத்தில் சில நாள் சரியாகச் சாப்பிடாது. வயிற்றில் கறுப்புக் கோடுகள் தெரியலாம். அது மிரட்சியின் அடையாளம். தொட்டியின் மூன்று பக்கத்தையும் காகிதத்தால் மறைத்தால் பல குட்டிகள் ஒரே நாளில் அடங்கிவிடும். கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து இன்னொரு ஓணான் என்று நினைத்துச் சுவரைப் பிறாண்டுவதும் அதோடு நிற்கும்.

முதல் மாதத்துக்குள் புதிய மலத்தை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பரிசோதியுங்கள். ஊசிப்புழுவும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் இவற்றில் சாதாரணம். சிறு அளவில் இருந்தால் தொல்லையில்லை. மன அழுத்தத்தில் இருக்கும் குட்டியிடம் அவை பெருகிவிடும்.

உணவு

இந்த விலங்கின் உணவு வயதோடு தலைகீழாக மாறும். குட்டிக்கு எழுபது எண்பது சதவீதம் பூச்சி, மீதி இலை தழை. வளர்ந்ததற்கு எழுபது எண்பது சதவீதம் இலை தழை, மீதி பூச்சி. இந்தத் திருப்பத்தைச் செய்யாமல், வளர்ந்த பிறகும் பூச்சியாகவே கொடுத்துக் கொழுக்கவைத்து ஈரலைக் கெடுப்பது பரவலான தவறு.

குட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 10 நிமிடத்தில் தின்னும் அளவு பூச்சி. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, ஒன்றரை வயதில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சில பூச்சிகள் என்ற அளவுக்கு வந்துவிடுங்கள். இலை மட்டும் எல்லா வயதிலும் தினமும் காலையில் இருக்க வேண்டும். குட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வைத்துக்கொண்டே இருங்கள். என் ஓணான் ஐந்து மாதம் கீரையை மிதித்துக்கொண்டு நடந்தது. ஆறாம் மாதம் ஒரு நாள் தானாகக் குனிந்து கடித்தது.

பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அன்றாட உணவுக்குச் சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட், டூபியா கரப்பான், வெட்டுக்கிளி நல்லவை. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். மாவுப்புழுவும் சூப்பர்வார்மும் கொழுப்பு மிகுந்தவை, வளர்ந்தவற்றுக்கு எப்போதாவது. மெழுகுப்புழு ஒரு மிட்டாய், அவ்வளவே. பூச்சிக்கு ஒரு நாள் முன்பே நல்ல கீரையும் கேரட்டும் கொடுத்து வயிற்றை நிரப்பி வையுங்கள். பட்டினி கிடந்த பூச்சி வெறும் கூடு. சாப்பிடாமல் விட்ட கிரிக்கெட்டை இரவில் உள்ளேயே விட்டுவிடாதீர்கள். தூங்கும் ஓணானைக் கடிக்கும்.

தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போட வேண்டாம். பூச்சிமருந்து ஒரு காரணம். இன்னொன்று மின்மினி. அதன் உடம்பில் உள்ள நஞ்சு தாடி ஓணானின் இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு மின்மினி போதும், உயிர் போக. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.

கீரையில் கடுகுக் கீரை, காலர்ட், டாண்டிலயன் இலை, எண்டைவ் போன்றவை அன்றாடத்துக்கு ஏற்றவை. துருவிய பூசணி, மருந்து படாத செம்பருத்திப் பூ, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றையும் சேர்க்கலாம். பாலக் கீரையில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், தினமும் வேண்டாம். ஐஸ்பெர்க் லெட்யூஸ் வெறும் தண்ணீர். அவகாடோவும் ரூபார்பும் நஞ்சு, கொடுக்கவே கூடாது. பழம் எப்போதாவது ஒரு துண்டு.

பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உணவில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதனால் பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு, துளி கால்சியம் பொடி தூவி, குலுக்கிக் கொடுங்கள். குட்டிக்குத் தினமும் ஒரு வேளை. வளர்ந்ததற்குப் பூச்சி கொடுக்கும் பெரும்பாலான நாட்களில். நல்ல யுவிபி இருந்தால் டி3 கலக்காத பொடியே போதும். பல வைட்டமின்கள் சேர்ந்த பொடி வாரம் ஒரு முறை. கூடுதலாகப் போனால் அதுவும் தீங்கு.

கடைசி உணவுக்கும் விளக்கு அணைவதற்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். வயிறு நிறைந்து உடம்பு குளிர்ந்தால் செரிமானம் நின்றுவிடும்.

தண்ணீர்

ஆழமில்லாத கிண்ணத்தில் தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள். பல ஓணான்களுக்கு அசையாத தண்ணீர் கண்ணிலேயே படாது. மூக்கின் மேல் ஒரு சொட்டு விட்டால் நக்கிக் குடிக்கும். கீரையைக் கழுவி ஈரத்தோடு வைப்பதே பாதித் தேவையைத் தீர்க்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவது கட்டாயமில்லை. செய்தால் தண்ணீர் அதன் தோளுக்கு மேல் போகக் கூடாது, பக்கத்திலேயே நீங்கள் இருக்க வேண்டும். மலத்தோடு வரும் வெள்ளைப் பகுதி மென்மையாக இருந்தால் உடம்பில் நீர் போதும்; மஞ்சளாகி இறுகியிருந்தால் போதவில்லை.

கையில் எடுப்பதும் அதன் பேச்சைப் புரிந்துகொள்வதும்

மேலிருந்து கையை இறக்காதீர்கள். அதன் உலகத்தில் மேலிருந்து வருவது பருந்து. உச்சந்தலையில் மூன்றாவது கண் என்று சொல்லப்படும் சிறு புள்ளி ஒன்று உண்டு. உருவம் அதில் தெரியாது, ஒளியும் நிழலும் தெரியும். பக்கவாட்டில், அது பார்க்கும்படி கையைக் கொண்டுபோய், நெஞ்சுக்குக் கீழே நுழைத்து, நான்கு காலுக்கும் வயிற்றுக்கும் தாங்கல் கொடுத்து எடுங்கள். முதலில் ஐந்து நிமிடம். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

தலையை வேகமாக ஆட்டினால் "இது என் இடம்" என்கிறது. ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக வட்டமிட்டால் "நான் சின்னவன், சண்டைக்கு வரவில்லை" என்று பொருள். நமக்குக் கையசைப்பதுபோல் இருக்கும். கறுத்து உப்பிய தாடி, விலகிப் போ என்ற எச்சரிக்கை. வெயில் காயும்போது வாயைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் உடம்பு போதிய சூட்டை எட்டிவிட்டது என்பதற்கான அடையாளம். குளிர்ந்த முனையிலும் வாயைத் திறந்து, மூச்சில் சத்தமோ வாயில் சளியோ இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

தொட்ட பின், தொட்டியைக் கழுவிய பின், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமான ஓணானும் சால்மொனெல்லா கிருமியைக் குடலில் சுமக்கும். சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவ வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை.

மாதங்கள் போகப் போக

சமையலறைக்கு வைத்திருப்பதுபோன்ற ஒரு டிஜிட்டல் தராசைத் தனியாக வாங்கி, வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். நோயை மறைப்பதில் ஊர்வன கெட்டிக்காரர்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை காட்டிக்கொடுக்கும்.

தோல் உரியும்போது நிறம் மங்கும், எரிச்சலாக இருக்கும். உரித்துவிட வேண்டும் என்று நமக்குக் கை துருதுருக்கும், இழுக்கக் கூடாது. உரிந்து முடிந்த பின் விரல்களையும் வால் நுனியையும் மட்டும் பாருங்கள். பழைய தோல் வளையம்போல் இறுகி நின்றால் இரத்த ஓட்டம் தடைபட்டு நுனி கறுத்துச் செத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தளர்த்துங்கள். பழுப்பு மஞ்சளாகத் தோல் தடித்து, உரித்த பிறகும் போகாமல் பரவினால், அது மஞ்சள் பூஞ்சை நோயாக இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

பெண் ஓணான் ஆணைப் பார்க்காமலே முட்டையிடும். ஒரு வயதைத் தாண்டிய பெண், வயிறு உருண்டு, தரையைத் தோண்டிக்கொண்டே இருந்தால், அது புகுந்து திரும்பும் அளவு பெட்டியில் ஈர மண்ணும் மணலும் கலந்து ஆழமாக நிரப்பி வையுங்கள். தோண்டியும் முட்டையிடாமல் சோர்ந்து கிடந்தால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அது அவசர நிலை.

கடைசியாக, புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது. வளர்ந்த ஓணான் ஆண்டின் குளிர் மாதங்களில், வீட்டுக்குள் சூடு குறையாவிட்டாலும், சாப்பாட்டைக் குறைத்துப் பொந்துக்குள் போய் வாரக்கணக்கில் படுத்துக்கொள்ளும். இதற்குப் ப்ரூமேஷன் என்று பெயர். எல்லா ஓணானும் செய்வதில்லை. ஒரு வயது ஆகாத குட்டி இப்படிப் படுத்தால் அதை உறக்கம் என்று நினைக்காமல் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்ததாக இருந்தாலும், முதல் ஆண்டில், மலப் பரிசோதனையோடு மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடட்டும். வயிற்றில் செரிக்காத உணவு இல்லாமல் படுக்க வேண்டும். பிறகு விளக்கு நேரத்தைப் பத்து மணி நேரமாகக் குறைத்து, தண்ணீர் வைத்து, வாரம் ஒரு முறை எடை மட்டும் பார்த்து விட்டுவிடுங்கள். எடை ஏறக்குறைய அப்படியே நிற்க வேண்டும். வேகமாக இறங்கினால் அது தூக்கமல்ல.

ஒரு காலையில் பொந்திலிருந்து தலை வெளியே வரும். உடனே பூச்சியைப் போடாதீர்கள். அன்று தண்ணீர் மட்டும். விளக்கு நேரத்தைக் கூட்டி, ஓரிரண்டு நாள் நன்றாக வெயில் காயவிடுங்கள். அது கல்லின் மேல் தட்டையாகப் படுத்து, பிறகு எழுந்து உங்கள் கையின் அசைவைக் கண்ணால் தொடரும்போது, ஒரு சின்னப் பூச்சி கொடுக்கலாம்.